எங்கள் வீட்டு மரபணு பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் மருத்துவப் பக்கத்தில் நுரையீரல் புற்றுநோய் பற்றிய கட்டுரை. அதில், 'இது மரபணுக் கோளாறு என்பதால் நோயாளியின் பிள்ளைகளும் உஷாராக இருப்பது நல்லது' என்று போகிறபோக்கில் ஒரு வரி. என் மனைவிக்கு இருப்பது அந்த நோய்தான். மறுநாள் காலை, என் மகளுக்கு நிச்சயம் செய்திருக்கும் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. "தப்பா நினைச்சுக்காதீங்க சம்பந்தி, பொண்ணுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி." தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பேப்பரிலேயே போட்டுவிட்டீர்களே.

என் மனைவியின் கட்டியில் இருப்பது இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் ஒரு மாற்றம், எக்ஸான் 19 என்கிற பகுதியில். அவள் பிறக்கும்போது கொண்டுவந்ததும் இல்லை, மகளுக்குக் கொடுத்ததும் இல்லை. நுரையீரல் செல்லில் பிற்பாடு நேர்ந்தது, கட்டிக்குள் மட்டும் இருப்பது. பரம்பரையாக வருவது மிக மிக அரிது. அந்த மரபணு உண்டாக்குவது, செல்லின் மேல் இருந்து சமிக்ஞை வாங்கும் ஒரு புரதத்தை, அதாவது ஏற்பியை. அது, வெளியிலிருந்து உத்தரவு வந்தால்தான் 'வளரு' என்று சொல்ல வேண்டும். மாற்றம் வந்துவிட்டால், பட்டன் அமுங்கி மாட்டிக்கொண்ட காலிங் பெல் மாதிரி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அதை அடக்குகிற மாத்திரை இந்த மாற்றம் உள்ளவர்களிடம்தான் நன்றாக வேலை செய்கிறது என்று 2004-லேயே கண்டுபிடித்தாயிற்று. உங்களுக்குத் தெரியாததா?

அதே கட்டுரை இஜிஎஃப்ஆரை ஹார்மோன் ஏற்பி ஆக்கி, மார்பகப் புற்றுநோய்க்குப் போல ஹார்மோன் மாத்திரையில் கட்டுப்படும் என்றும் சொல்கிறது. மச்சினர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பெரம்பூரிலிருந்து வந்து, தங்கைக்கு ஏன் இதைத் தரவில்லை என்று என்னோடு சண்டை. இஜிஎஃப்ஆர் ஹார்மோன் ஏற்பியே இல்லை. நுரையீரல் கட்டிகளில் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனுக்கான ஏற்பிகளும் இருப்பது உண்மைதான், ஆனால் அவை வேறு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் கூடுதல் என்று 2009-ல் வெளிவந்தது. ஈஸ்ட்ரோஜெனைத் தடுக்கும் மருந்துகளையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நுரையீரலுக்கு அது இன்னும் வழக்கமான வைத்தியம் ஆகவில்லை. டாக்டர்களே எழுதாத மருந்துச்சீட்டை உங்கள் கட்டுரையாளர் எழுதிவிட்டார்.

படம்? வழக்கம்போல புகையும் சிகரெட். என் மனைவியும் தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை. ஆனால் ஓ.பி. வரிசையில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், என்ன நோய் என்று கேட்டதும் என் உதட்டைத்தான் பார்க்கிறார்கள். புகைப்பவர்களைவிடப் புகைக்காதவர்களிடம்தான், அதிலும் பெண்களிடம், இந்த மாற்றம் அதிகம் தென்படுகிறது. வெளிக்காற்று மாசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-ல் அறிவித்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளை ஒரு படம் எடுத்துப் போடலாமே. உங்கள் புகைப்படக்காரருக்கு ராயபுரம் தாண்டினால் வழி தெரியாதோ என்னவோ.

சொல்ல ஆரம்பித்தால் நிறைய வருகிறது. முதலில் இருமல் என்று போன தனியார் கிளினிக்கில், சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தும் டிபி மாத்திரை எழுதினார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதுதான் கண்ட பலன், மாதங்கள் ஓடிவிட்டன. அப்புறம் பயாப்ஸி எடுத்த இடத்தில், பிளாக்கைத் திருப்பித் தர 'கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு' என்று அலைய விட்டார்கள். கட்டியின் துணுக்கைப் பதித்து வைத்த சின்ன மெழுகு வில்லை, அதை வைத்துத்தான் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும். மற்றவர்களாவது தொடக்கத்திலேயே கேட்டு வாங்கட்டுமே என்று அப்போது தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடமில்லை போலும், வரவில்லை. புற்றுநோயைக் கரைக்கும் மூலிகைச் சாறு என்று அரைப்பக்க விளம்பரம் வந்தது, அதற்கு இடம் இருந்தது.

நான் கேட்பது இரண்டு வரி. கட்டியில் உண்டாகும் இந்த மாற்றம் பிள்ளைகளுக்குப் போவதில்லை என்று, வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். மின்தடை அறிவிப்புக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். சம்பந்தி வீட்டிலும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருவொற்றியூர், சென்னை-19