ஏற்காடு கேம்ப்பும் நீ கேட்ட கேள்வியும்

சேலம், அஸ்தம்பட்டி
மே கடைசி வாரம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் ஏற்காட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டம்மா வாங்கி வைத்திருந்து நேற்றுதான் கொடுத்தாள். முட்டிக்கு ஊசி போட்டும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொன்னால் தீபாவளிக்கு அப்புறம் பொங்கலுக்கு அப்புறம் என்று இழுத்தடிக்காதே. பேரன் மொட்டைத் தலையோடு இருக்கிற போட்டோ பார்த்தேன், அப்படியே உன் வீட்டுக்கார அண்ணன் ஜாடை. இதையெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தின் அடியில் நாலு வரியில் ஒன்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அண்ணன் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை வீட்டில் வைத்துக் காக்கிற ஏற்பாட்டில், ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கலாமா என்கிறாய். போனில் கேட்டிருந்தால் "தாராளமா செய்டி" என்று சொல்லி வைத்திருப்பேன்.

உனக்குத்தான் தெரியுமே, எங்கள் சபையும் அக்கம்பக்கத்துச் சபைகளும் சேர்ந்து இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஏற்காட்டில் ஒரு வாரக் கேம்ப் நடத்துகிறோம். யோசனை என்னவோ அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 1985-இல் கலிஃபோர்னியாவில் 'ராயல் ஃபேமிலி கிட்ஸ்' என்று ஃபாஸ்டர் பிள்ளைகளுக்கென்றே ஒரு கோடைக் கேம்ப் ஆரம்பித்து, சபைகள் மூலமாகவே பல ஊர்களுக்குப் பரவியதாம். அங்கே இருந்துவிட்டு வந்த சபைக்காரர் ஒருவர் சொல்ல, எங்கள் சபைப் போதகர் ஐயர் பிடித்துக்கொண்டார். நான் மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பு. நர்ஸ் வேலையிலிருந்து வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்தும் தெர்மாமீட்டர் என்னை விட்டபாடில்லை.

ஹோமில் இருக்கிற பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பா அம்மா இருவருமே இல்லாதவர்கள் இதில் குறைவு. ஒருத்தியின் அம்மா மனநல சிகிச்சையில் இருக்கிறாள். ஒருவனின் அப்பா ஜெயிலில். குடித்தே வீட்டை அழித்தவர்களின் பிள்ளைகள் நிறைய. கொரோனாவில் இரண்டு பேரையும் பறிகொடுத்துவிட்டுப் பாட்டியிடம் வளர்கிற சிலரையும் சேர்த்துக்கொண்டோம். அந்தப் பிள்ளைகள் பேரில் 2021-இல் தமிழக அரசு அறிவித்த 5 லட்ச ரூபாய் டெபாசிட்டில் இருக்கிறது, 18 வயது முடிந்தால்தான் கைக்கு வரும். ஒரு பையன் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு "எம்பேர்ல அஞ்சு லட்சம் இருக்குது" என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தான். ஒருத்தரும் நம்பவில்லை. அவன் செருப்பைப் பார்த்தால் நீயும் நம்பமாட்டாய்.

பேர் எதுவும் எழுதமாட்டேன், ஊரையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். 2015-ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி இந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டுகிற எதையும் வெளியிடக்கூடாது. போட்டோவும் அதில் அடக்கம். முதல் நாளே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த அக்கா அண்ணன்மார் போனையெல்லாம் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டினோம். ஸ்டேட்டஸ் போடாத ஊழியம் ஒரு ஊழியமா என்பதுபோல் வாலிபர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

மலை ஏறும்போது வழக்கமான கூத்துதான். இருபது கொண்டை ஊசி வளைவையும் கத்திக் கத்தி எண்ணினார்கள், பதினொன்றிலிருந்து எண்ணுகிறவர்கள் குறைந்து வாந்தி எடுக்கிறவர்கள் கூடினார்கள். கீழே சேலம் கொளுத்திக்கொண்டிருக்க, மேலே போனதும் பல்லைக் கிட்டிக்கொண்டு நின்றார்கள். ஸ்வெட்டர் என்று ஒன்றை முதல்முதலாகப் போட்டுப் பார்த்த பிள்ளைகள் பாதிப் பேர். கோடை விழா நெரிசலில் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டிப் போக வேண்டாம் என்று முடிவு பண்ணியதும் நல்லதாகப் போயிற்று. கேம்ப் வளாகத்தைச் சுற்றிக் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடி. ஒரு சாயங்காலம் வேலிக்கு அந்தப்பக்கம் காட்டெருமை ஒன்று வந்து நின்று எங்களையே பார்த்தது. மைக்கில் பேசிக்கொண்டிருந்த தம்பி அவ்வளவு பேரை எந்தப் பாட்டாலும் அப்படி உட்கார வைத்ததில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியவன் ஒருத்தன் இருக்கிறான். ஒன்பது வயது. தினமும் காலையில் பல் தேய்த்ததும் தன் துணிகளை மடித்து, துணிக்கடைக் கட்டைப்பையில் வைத்து, பையைக் கதவோரம் கொண்டுபோய் வைத்துவிடுவான். சாயங்காலம் மாற்றுத்துணி அதிலிருந்து எடுப்பான், இரவு திரும்ப மடிப்பான். செல்ஃபில் அவனுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கி, பேர் எழுதி ஒட்டியிருந்தோம். அதைத் தொடவில்லை. சுத்தமான பையன் என்று அந்த ரூம் அண்ணன் மெச்சிக்கொண்டான். எனக்குச் சரியாகப் படவில்லை. வளர்ப்பு அம்மாவுக்குப் போன் போட்டேன். இவர்கள் வீடு அவனுக்கு மூன்றாவது வீடாம். முன்னே இருந்த இடங்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்தவனை "கெளம்பு" என்று சொல்லி ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு தடவை அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸ் அங்கேயே நின்றுவிட்டது, கடைசி வரை வரவில்லை. "எங்க வீட்லயும் பையக் கதவோரந்தான் வைக்கிறான் நர்சம்மா, நான் ஒண்ணும் சொல்றதில்ல" என்றாள் அந்த அம்மா. நல்ல பொம்பளை.

அன்றைக்கே ஒரு சார்ட் பேப்பரில் வாரம் முழுக்க என்னென்ன நடக்கும் என்று எழுதி, அவன் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினோம். கடைசிக் கட்டத்தில் 'சனி, மதியம் 2 மணி, வீட்டுக்கு' என்று போட்டு, யார் வந்து கூட்டிப் போவார்கள் என்பதையும் எழுதினோம். ஒவ்வொரு வேளையும் முடிந்ததும் அவனே பென்சிலால் அடித்துவிடுவான். பை மட்டும் கதவோரம்தான் இருந்தது. சார்ட் ஒட்டியதும் பை செல்ஃபுக்கு ஏறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

வேதப்பாட விஷயத்தில் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. மனப்பாட வசனமாகச் சங்கீதம் 27:10-ஐப் போட்டிருந்தார்கள். தகப்பனும் தாயும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்ளுவார் என்று வரும். எனக்குச் சின்ன வயதிலிருந்து பிடித்த வசனம். ஆனால் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வருவாள் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிற பெண்ணை, "என் தாயும் என்னைக் கைவிட்டாலும்" என்று கை தட்டிச் சொல்ல வைப்பது எப்படி? அவள் அம்மா கைவிடவில்லையே, உடம்புக்கு முடியாமல் கிடக்கிறாள். ஐயர் யோசித்துவிட்டு மாற்றச் சொல்லிவிட்டார். மோசே கதையை வைத்தோம். குழந்தையை நாணற்பெட்டியில் விடுகிறாள் தாய், பார்வோன் மகள் எடுக்கிறாள், பெற்ற தாயே பால் கொடுக்கச் சம்பளத்துக்கு வருகிறாள். ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ தரம் கேட்ட கதை. நம் பிள்ளைகள் கேட்கும்போது அக்காள்காரி ஆற்றோரம் நின்று பார்ப்பதைத்தான் பெரிதாகக் கேட்பார்கள். இவர்கள் கேட்டது வேறே. "அவன் பெரியவனானதும் ரெண்டு அம்மாளையும் போய்ப் பாத்தானா?" என்றாள் ஒருத்தி. பாடம் எடுத்த பெண் என்னைப் பார்த்தாள். நான் ஐயரைப் பார்த்தேன். "பைபிளில் எழுதலம்மா" என்று உண்மையைச் சொன்னார்.

உனக்கு மனசில் வரும் கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். மதம் மாற்றுகிற வேலையா என்று, இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான குழந்தைகள் நலக் குழுவும் கேட்கத்தான் செய்தது, கேட்காவிட்டால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன். வந்தவர்களில் பாதிக்கு மேல் நம் சபைப் பிள்ளைகள் இல்லை. ஜெபத்துக்கு உட்காருவதும் வெளியே கேரம் ஆடுவதும் அவரவர் இஷ்டம் என்று எழுதிக் கொடுத்துத்தான் அனுமதி வாங்கினோம். இருந்தும் ஒரு சிறுமியின் கையில் வெளுத்துப்போய் நூல்நூலாகப் பிரிந்த ஒரு கயிறு. கோட்டை மாரியம்மன் கோயிலில் அவள் அம்மா கட்டிவிட்டது. குளிக்கும்போது அவிழ்த்துவிடலாமே என்று எங்கள் ஆள் ஒருத்தி நைசாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், கை வைத்தால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன் என்றேன். மறுநாள் பிரிந்த முனையை அவளே முடிச்சுப் போட்டுக் கொடுத்ததைப் பார்த்தேன்.

ஒரு நாள் இரவு லேடீஸ் சீட் வியூ பாயின்ட்டுக்குப் போனோம். கீழே சேலம் முழுக்க விளக்கு. அது ஸ்டீல் பிளான்ட், இது ஜங்ஷன் என்று அண்ணன்மார் அளந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டியவள் என் சேலையைப் பிடித்து இழுத்து, "நர்சம்மா, அதோ எங்க வீடு. அதுக்குப் பக்கத்துல அம்மா வீடு" என்று இரண்டு விளக்கைக் காட்டினாள். அவளுடைய இரண்டு வீடுமே ஆத்தூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள், அந்தத் திசையே அங்கிருந்து தெரியாது. "ஆமாண்டி, நல்லாத் தெரியுது" என்றேன்.

அமெரிக்காக்காரர்கள் கேம்ப்பில் எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே நாளில் பிறந்தநாள் கொண்டாடுகிற வழக்கம் உண்டு. நாங்களும் செய்தோம். சிலர் ஃபாரத்தில் இருக்கும் தேதி பள்ளியில் சேர்க்கும்போது யாரோ போட்ட ஜூன் மாதத் தேதி. கேக், பாயசம், ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ். கேக் வெட்டும்போது எதிர்பாராமல் ஒரு பெரிய பையன் எழுந்து வெளியே போய்விட்டான். பின்னாலேயே போன அண்ணன் ஒன்றும் கேட்காமல் அவனோடு படியில் உட்கார்ந்துகொண்டான். நல்ல வேளை, அறிவுரை சொல்லத் தெரியாத பையன் அவன்.

இப்போது உன் விஷயம். இது தத்து இல்லை. அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு. பிள்ளையை உன் வீட்டில் வைப்பதற்கு உத்தரவு போடுவது குழந்தைகள் நலக் குழு. பெற்றவர்கள் அவ்வப்போது வந்து பார்க்கலாம், பிள்ளைக்கு நல்லதில்லை என்று குழு எழுதி வைத்தால்தான் தடை. அவர்கள் தேறிவிட்டார்கள் என்று குழுவுக்குத் தோன்றினால் பிள்ளை திரும்பிப் போகும். நீ ரசம் வைத்து, தலை வாரி, கணக்குச் சொல்லிக் கொடுத்து, காய்ச்சலுக்குக் கண்விழித்த பிறகும் போகும். வீட்டில் ஒரு துணை வேண்டும் என்றால் இது அதற்கு இல்லையடி, வாடகைக்கு ஒரு குடும்பத்தை மாடியில் வை. "அம்மான்னு கூப்பிடு" என்று கேட்க ஆசை வரும், கேட்கக்கூடாது. பிள்ளையின் அம்மாவைப் பற்றித் தெரு பேசும், நீ பேசக்கூடாது. இதெல்லாம் உனக்கு முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஹாஸ்டலில் என் ஆத்திரத்தையெல்லாம் சத்தம் போடாமல் கேட்டவள் நீ.

2024-இல் மாற்றிய வழிகாட்டுதலில் கணவனை இழந்தவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள், விவாகரத்து ஆனவர்கள் என்று தனி ஆட்களும் எடுக்கலாம் என்று வந்துவிட்டது. தனி ஆணுக்கு மட்டும் பெண் பிள்ளையைக் கொடுக்கமாட்டார்கள். இரண்டு வருஷம் வளர்த்த பிறகு, பிள்ளை சட்டப்படி தத்துக்கு உரியதாக இருந்தால், நீயே தத்துக்குக் கேட்கலாம். அதை இப்போதே மனசில் வைத்துக்கொண்டு இறங்காதே. வளர்ப்பவர் வயது ஏற ஏறக் கொடுக்கிற பிள்ளையின் வயதும் ஏறும், ஆகவே உனக்குக் கைக்குழந்தை வராது, எதிர்த்துப் பேசுகிற வயதில் ஒன்றுதான் வரும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கென்று மாதம் 4,000 ரூபாய் உண்டு. தஞ்சாவூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேள். வீட்டுக்கு வந்து சமையலறை, கக்கூஸ், வருமானம், உறவு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பெரியவன் கனடாவிலிருந்து என்ன சொல்கிறான் என்றும் கேட்பார்கள், அவனிடம் முதலில் பேசிவிடு. பிள்ளை வந்த பிறகும் மாதாமாதம் பார்வையிட வருவார்கள், முகம் சுளிக்காதே.

முட்டி ஆபரேஷனை முதலில் முடி. பிள்ளை வந்ததும் படுத்துக்கொண்டால் அதுவும் பையைக் கதவோரம் வைக்கும். அப்புறம் மாடி ரூமில் அண்ணனின் பைலையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறாயே ஒரு பீரோ, அதைக் காலி பண்ண ஆரம்பி. பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் பண்ண வேண்டிய வேலைதான். ஒரு தட்டுக்காவது பூட்டு சாவி இருக்கிற மாதிரி கார்ப்பென்டரைச் செய்யச் சொல், சாவி பிள்ளையிடம் இருக்கட்டும்.

என்றும் அன்புடன்,
உன் சேலத்துக்காரி