மேசைக்கு அளவு எடுத்து அனுப்பு

ராயபுரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கட்டிலில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டுதான் நாவல் எழுதுகிறாய் என்று அம்மா சொன்னாள். கழுத்து வலிக்கிறது, அத்தியாயம் நகரவே மாட்டேன் என்கிறது என்றாயாம். மனசை விட்டுவிடாதே. முதலில் உட்கார ஓர் இடம் பண்ணிக்கொள்.

தங்கசாலைப் பக்கம் பிரஸ்ஸில் நான் ஈய எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டராக இருந்தது உனக்குத் தெரியும். சாய்வான ஸ்டாண்டில் எழுத்துகள் போட்டு வைக்கிற கேஸ் இருக்கும், அது முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். அடிக்கடி வருகிற க, த, ம் எல்லாம் கைக்கு நேராக. எப்போதோ வருகிற க்ஷ, ஸ்ரீ எல்லாம் ஓரத்தில். இடது கையில் எழுத்தை வரியாக அடுக்குகிற ஸ்டிக், கண் கையெழுத்துப் பிரதியில், வலது கை தானாகப் போய் எழுத்தை எடுக்கும். யாராவது எழுத்தை அறை மாற்றிப் போட்டுவிட்டால் போச்சு. கை தடுமாறும், படித்த வரியும் மறந்துவிடும். எழுதுகிறவருக்கும் அதே கதைதான். அகராதி, குறிப்பு நோட்டு, பேனா, தண்ணீர் எல்லாம் எழுந்திருக்காமல் எட்டட்டும். போன் மட்டும் அடுத்த அறையில்.

ஜன்னலைப் பார்த்தபடி உட்காராதே, கண் கூசும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும். இடப்பக்கம் இருந்தால் நல்லது. நோட்டில் எழுதும்போது கை நிழலும் விழாது. லேப்டாப்பைத் தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி, தனி கீபோர்டு வாங்கிக்கொள். குனிந்து குனிந்துதான் உனக்குக் கழுத்து வலி.

தனி அறை கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே. நம் தெரு ஒண்டுக்குடித்தனப் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து படித்துத் தேறினார்கள். ஆனால் தினமும் அதே படி. உனக்கும் ஒரு மூலை போதும். சாப்பாடு, துணி மடிப்பதெல்லாம் அங்கே வேண்டாம்.

அப்புறம், பொங்கலுக்கு வரும்போது எழுத்தை அங்கேயே விட்டுவிட்டு வராதே. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி சத்தம் இங்கே ஓயாது, உண்மைதான். ஆனால் கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் திறந்தார்களே, அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக, படிக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக இடம் இருக்கிறது. இப்படி ஒன்று நம் வடசென்னைக்கு வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். காலையில் நானே கொண்டுபோய் விடுகிறேன்.

சரி, ஒரு வேலை செய். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முழங்கையை மடக்கு. தரையிலிருந்து முழங்கை வரை எத்தனை அங்குலம் என்று மாப்பிள்ளையை அளக்கச் சொல். அந்த மூலையின் நீள அகலமும் வேண்டும். தண்டையார்பேட்டை ஆசாரியிடம் பழைய தேக்குப் பலகை இருக்கிறதாம், பேசி வைத்துவிட்டேன். செய்ததும் லாரி பார்சலில் கோவைக்கு அனுப்புகிறேன். பணம் கிணம் என்று பேசாதே.

அன்புடன்,
அப்பா