11 கணினிகளைக் கழிப்பதற்கு முன்: நம் தமிழ் வகுப்பின் நிர்வாகக் குழுவுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் நாம் நடத்தும் வார இறுதித் தமிழ் வகுப்பின் நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

வகுப்பறையிலுள்ள 11 கணினிகளையும் கழித்துவிட்டுப் புதியவை வாங்கவும், இணைய இணைப்பின் வேகத்தை உயர்த்தவும் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வருவதாக அறிந்தேன். அந்தப் பணம் ஆடி மாதக் கூழ் வார்ப்பின்போது தாய்மார்கள் வீடு வீடாகச் சேர்த்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோளாறு கணினியிலும் இல்லை, நாம் மாதந்தோறும் ரேண்ட் கட்டும் இணைப்பிலும் இல்லை; நடுவே, கணினியைக் கேபிள் வழியாக இணைப்போடு சேர்க்கும் பாகமான நெட்வொர்க் கார்டின் அமைப்பில் இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை என் மடிக்கணினியை ரவுட்டரில் நேராகச் செருகினேன். நாம் வாங்கிய வேகம் முழுவதும் வந்தது. அதே நேரத்தில் ஜன்னலோரக் கணினியில் எழுத்துப் பயிற்சிக் காணொளி நகரவே இல்லை. அங்கிருந்து ரவுட்டருக்குப் பிங் என்ற சிறு சோதனைச் செய்தி அனுப்பினால் உடனே பதில் வந்தது; பெரிய கோப்பை இறக்கத் தொடங்கியதும் பதில்கள் தொலைந்தன. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கார்டின் அமைப்பைத் திறந்தேன். யாரோ ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், '100 எம்பிபிஎஸ், முழு டூப்ளெக்ஸ்' என்று கையால் பூட்டி வைத்திருக்கிறார்; அதாவது நொடிக்கு 100 மெகாபிட் வேகம், ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும் முறை.

கார்டும், எல்லாக் கணினிகளின் கேபிள்களும் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற கருவியும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். கார்டு பேச மறுத்தால், ஸ்விட்ச் வேகத்தை மட்டும் கண்டுகொள்கிறது. டூப்ளெக்ஸை அறிய வழியில்லாமல் அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடுகிறது. பிறகு கணினி கேட்டுக்கொண்டே பேசுகிறது. ஸ்விட்சோ ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும் என்ற விதியில் நிற்கிறது. இருவரும் சேர்ந்து பேசிய கணமே அதை மோதல் என்று எண்ணி ஸ்விட்ச் பாதியில் நிறுத்திவிடுகிறது. தரவு தொலைகிறது, மீண்டும் வருகிறது, மீண்டும் தொலைகிறது. சின்ன வேலைகளில் இது தெரியாது. பிள்ளைகள் காணொளியைத் திறந்ததும் தெரிந்துவிடுகிறது. 'ஆட்டோ' என்று மாற்றினேன். அந்தக் கணினி 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏறியது. ஒரு நிமிட வேலை.

இப்படி அமைப்பை மாற்றிய பிறகும் இரண்டு கணினிகள் 100 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றன. அவற்றின் கேபிள்கள் நாற்காலிக் காலில் நசுங்கியிருக்கின்றன. 1000-க்கு 8 கம்பிகளும் வேண்டும். 100-க்கு 4 போதும்.

கதவோரக் கணினியின் கதை வேறு. மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பியபோது கார்டு எரிந்துவிட்டது என்று சொன்னார்கள். எரியவில்லை. விண்டோஸை மறுபடி நிறுவியவர், கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளான டிரைவரை நிறுவவில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியும், டிரைவர் நிறுவப்படவில்லை என்று சொல்லும் கோட் 28-உம் இருக்கின்றன. டிரைவர் இல்லாமல் இணையம் வராது. இணையம் இல்லாமல் டிரைவரை இறக்க முடியாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வேறொரு கணினியில் இறக்கி, யுஎஸ்பியில் கொண்டுவர வேண்டும். எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பிப்பதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை, தயவுசெய்து, யாரும் நிறுவ வேண்டாம்.

விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்று குழுவில் எழுந்த கவலை நியாயமானது. அதைத் தனியாகப் பேசுவோம். வேகக் குறைவுக்கு அது காரணமில்லை.

இங்கே என் தலைமுறையில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் வெகு சிலர். என் மகள் அந்த ஜன்னலோரத் திரையைப் பார்த்துத்தான் ழகரம் எழுதப் பழகுகிறாள். தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு வருகிறேன். ஸ்விட்ச் பெட்டியின் சாவியும் 2 புதிய கேபிள்களும் தந்தால் போதும்.

அன்புடன்,
மாணவி ஒருத்தியின் தந்தை