உன் ஆய்வேட்டின் பின்பக்கங்கள்

அன்பு நண்பா,

கடிதமும் ஆய்வேட்டுக் கோப்பும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். மகளுக்குப் பரீட்சை முடிந்து வீடு கொஞ்சம் அமைதியாகியிருக்கிறது. நான் கண்ணாடி மாற்றியிருக்கிறேன். அதை வைத்து முதலில் படித்ததே உன் துணைநூல் பட்டியலைத்தான்! உனக்குக் கழுத்துவலி குறைந்ததா? நடுராத்திரி வரை மார்ஜினைத் திருத்திக்கொண்டிருந்தால் எங்கே குறையப் போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இயல்களில் நீ சொல்லும் விஷயத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பட்டியலிலும் மேற்கோள் குறிப்புகளிலும்தான் இரண்டு பதிப்புகளின் விதிகள் கலந்து கிடக்கின்றன. பதிப்பகத்தோடு ஊர்ப் பெயரையும் போடுவது, மேற்கோள் விதிகளைச் சொல்லும் ஏபிஏ கையேட்டின் ஆறாம் பதிப்பின் வழக்கம். 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு அதை எடுத்துவிட்டது. நீ பாதி நூல்களுக்கு ஊரைப் போட்டிருக்கிறாய், மீதிக்கு இல்லை. இயலுக்குள் மேற்கோள் காட்டும்போது, மூன்று பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை என்றால் முதல் தடவை மூவர் பெயரையும் எழுதுகிறாய். ஏழாம் பதிப்பில் முதல் தடவையே முதல் ஆசிரியரோடு 'எட் ஆல்' (மற்றும் பிறர்) போட்டால் போதும். பழைய கட்டுரையிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறாய், மறைக்காதே. பல்கலைக்கழகம் எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள். ஏழு என்றால் முழுக்க ஏழாகவே இருக்கட்டும்.

துணைநூல் பட்டியலைத் தயாரிக்கும் ஜோட்டெரோ மென்பொருள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். கமா எங்கே, சாய்வெழுத்து எங்கே என்பதை அது பார்த்துக்கொள்ளும்தான். ஆனால் உள்ளே போனது தப்பு என்றால் அந்தத் தப்பையே அழகாக அடுக்கிக் கொடுக்கும். உன் பட்டியலில் 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' என்று ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறாரே, யாரென்று தெரிகிறதா? உலக சுகாதார நிறுவனம்! நிறுவனப் பெயரை ஆள் பெயர் மாதிரி இரண்டு கட்டங்களில் பிரித்துப் போட்டதால் கடைசிச் சொல் குடும்பப் பெயராகிவிட்டது, மற்றவை இனிஷியலாகிவிட்டன. அகரவரிசையிலும் இடம் மாறிவிட்டது. பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் இரண்டும் ஒரே கட்டமாகும். குடும்பப் பெயரே இல்லாத ஆசிரியர்களுக்கும் இதே வழிதான்.

கட்டுரைகளின் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எண் ஒவ்வொன்றையும் பிரவுசரில் போட்டுத் திறந்து பார். அலுப்பான வேலைதான், ஆனாலும் வேறு யாரிடமும் விடாதே. குறிப்பாக ஏஐ-யிடம் கேட்டு வாங்கிய மேற்கோள் ஏதாவது இருந்தால், இல்லாத கட்டுரைக்கு நிஜமான இதழின் பெயரையும் தொகுதி எண்ணையும் போட்டு அது கொடுத்திருக்கக்கூடும். திறக்காத ஒன்றைப் பட்டியலில் வைக்காதே. அப்புறம், மூன்றாம் இயலில் அப்படியே எடுத்தாண்ட வரிகளுக்குப் பக்க எண் இல்லை. ஆசிரியரும் ஆண்டும் மட்டும் இருந்தால், சரிபார்க்க நினைப்பவர் முந்நூறு பக்கத்தையும் புரட்ட வேண்டியதுதான்.

வேர்டில் பக்க எண் சரியாக வரவில்லை என்ற தகராறு ஒரு பெரிய விஷயமே இல்லை. முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் முதல் இயலிலிருந்து 1, 2 என்றும் வர வேண்டுமானால் நடுவில் பேஜ் பிரேக் போதாது, செக்‌ஷன் பிரேக் (புதுப் பகுதியையே தொடங்குவது) வேண்டும். போட்ட பிறகு அடுத்த பகுதியின் ஃபுட்டரில் (பக்கத்தின் அடி ஓரத்தில்) 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்பதை எடுத்துவிட்டு, எண்ணை 1-இலிருந்து தொடங்கச் சொல். நான்காம் இயலில் அந்த அகலமான அட்டவணையைப் படுக்கை வாக்கில் வைக்கவும் முன்னும் பின்னும் இதேதான். தலைப்புகளைக் கையால் தடித்த எழுத்தாக்காமல் 'ஹெட்டிங்' ஸ்டைலில் வைத்தால் பொருளடக்கம் தானாக வரும். கடைசியில் ஒரு முறை அப்டேட் செய்ய மட்டும் மறக்காதே.

அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் கொடு. எழுத்துரு இல்லாத கணினியில் வேர்டு கோப்பைத் திறந்தால் வரிகள் நகர்ந்து பக்கங்களே மாறிவிடும். எனக்கு மட்டும் வேர்டு கோப்பாகவே அனுப்பு. பிரேக்குகளை நான் போட்டுத் தருகிறேன், பட்டியல் உன் பாடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்