காரணம் சொன்னால் போதுமா, சோதிக்க வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி வயதுப் பையன்கள் அரிவாளோடு பிடிபட்ட செய்திகளை ஒட்டி வாசகர் கடிதப் பகுதியில் சில வாரங்களாக ஒரு விவாதம் ஓடுகிறது. சினிமா கெடுத்துவிட்டது, கஞ்சா கெடுத்துவிட்டது, வளர்ப்பு சரியில்லை, தண்டனை போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம். 'சிலருக்கு அது ரத்தத்திலேயே ஊறியது' என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். இவற்றில் எதுவும் புதிதில்லை. பெரும்பாலானவற்றை எங்கோ ஓர் ஊரில் நடைமுறைப்படுத்திப் பார்த்து, விளைவையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இதுதான் காரணம் என்று சொல்கிறவர், அப்படியானால் எதைச் செய்தால் வன்முறை குறையும் என்றும் சொல்ல வேண்டும். செய்து பார்த்த இடத்தில் குறைந்ததா என்று நாமும் கேட்க வேண்டும்.

ரத்தத்தில் ஊறிய கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முக அமைப்பு, தாடை, காது, மண்டை ஓட்டு அளவுகளைக் கொண்டே பிறவிக் குற்றவாளியை அடையாளம் காணலாம் என்று இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ 1876ல் எழுதினார். இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளை அளந்தார்; வெளியே இருந்தவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டார்; குற்றவாளிக்கென்று தனி உடல் வகை கிடையாது என்று 1913ல் அறிவித்தார். அறிவியலைப் பொறுத்தவரை அத்தோடு விஷயம் பெரும்பாலும் முடிந்தது.

நம் ஊரில் முடியவில்லை. இங்கே கொள்கைக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். லொம்ப்ரோசோவின் நூலுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, 1871ல், வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் அமலானது. சாதித் தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவதுபோலத் திருட்டும் வரும் என்பதுதான் வெள்ளைக்கார அதிகாரிகள் போட்ட கணக்கு. 1911ல் இயற்றிய புதிய சட்டம் சென்னை மாகாணத்தையும் சேர்த்துக்கொண்டது. பிறமலைக் கள்ளர் கைரேகை பதிய வேண்டும், ஊர்விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆனது. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை நடத்திய தாக்குதலில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947லும் நாடு முழுவதும் 1952லும் சட்டம் ஒழிந்தது. ரேகை வாங்கிய அதே அரசு, கள்ளர் சீரமைப்பு என்று பள்ளிக்கூடங்களும் திறந்தது. பிறப்பிலேயே வருவது பள்ளிக்கூடத்தில் எப்படிப் போகும் என்று அந்த அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை போலும்.

மரபணு ஆய்வுகள் லொம்ப்ரோசோவுக்கு உயிர் கொடுத்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73ல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்களில் ஆண்களை வைத்து 2002ல் வந்த ஆய்வு இது. மூளையில் நரம்புச் செய்திகளைக் கடத்தும் வேதிப்பொருள்களை உடைக்கிற ஒரு நொதி உண்டு. மரபணு வேறுபாட்டால் அந்த நொதி குறைவாக இருந்து, சிறுவயதில் வீட்டில் கொடுமையும் பட்டவர்களே பின்னால் வன்முறையில் அதிகம் சிக்கினார்கள். அதே மரபணுவோடு, கொடுமைப்படாமல் வளர்ந்தவர்களிடம் அந்தப் போக்கு தெரியவில்லை. வீட்டு அடியை நிறுத்தச் சொல்கிற ஆய்வைப் பிறவிக் குணத்துக்குச் சான்றாகக் காட்டுவது விந்தைதான்.

அந்த டுனிடின் ஆய்விலிருந்து நம் இளஞ்சிறார் நீதிக் குழுமங்களுக்கு நேரடியாக உதவக்கூடிய ஒன்றும் கிடைத்தது. உளவியலாளர் டெரி மோஃபிட் 1993ல் பிரித்துக் காட்டியது அது. மழலை வயதிலேயே கடிப்பது, அடிப்பது, பொருளை உடைப்பது என்று தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறவர்கள் மிகச் சிலர். பதின்மூன்று, பதினான்கில் தொடங்கி இருபதுகளில் தானாக விட்டுவிடுகிறவர்களே பெரும்பாலோர். ஒரே வழக்கில் பிடிபட்ட இரண்டு பையன்கள் இந்த இரண்டு வகையாகவும் இருக்கலாம். கொடுங்குற்றத்தில் சிக்கிய 16 வயது நிறைந்த சிறுவனைப் பெரியவர்போல் விசாரிக்கலாமா என்று 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்கிறது. அதற்குமுன் நன்னடத்தை அலுவலர் தரும் சமூகப் புலனாய்வு அறிக்கையில் 'முதன்முதலில் எந்த வயதில் முரட்டுத்தனம் தெரிந்தது, பள்ளியில் எந்த வகுப்பில் முதல் புகார் வந்தது' என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும், இந்தப் பிரிப்பு பெருமளவு தெரிந்துவிடும். 'தந்தை கூலி வேலை, குடிப்பழக்கம் உள்ளவர், கூடா நட்பு' என்று எல்லாப் பையனுக்கும் ஒரே வாசகம் எழுதிய அறிக்கையால் எதுவும் தெரியாது.

கூடா நட்பு என்பது உண்மையில் கனமான கொள்கை. எட்வின் சதர்லேண்ட் என்ற அமெரிக்கர் அதை வகுத்தார். குற்றம் செய்யும் வழியையும், அதை நியாயப்படுத்தும் பேச்சையும், மனிதன் நெருங்கிய வட்டத்தில்தான் கற்கிறான் என்றார். சினிமாவுக்கும் பத்திரிகைக்கும் அதில் பங்கு குறைவு என்றும் சேர்த்தே சொன்னார். ரீல்ஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் தயங்குவேன். அரிவாளோடு 'கெத்து' காட்டும் வீடியோவைப் போடுகிறவன் பக்கத்துத் தெருப் பையன், லைக் போடுகிறவன் வகுப்புத் தோழன். அது சினிமாவைவிடச் சதர்லேண்ட் சொன்ன நெருங்கிய வட்டத்துக்குத்தான் அருகில் இருக்கிறது.

இந்தக் கொள்கை சரியானால், தடம் மாறிய பையன்களை ஒன்றாகச் சேர்த்து வைப்பதே ஆபத்து. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939ல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வில் 506 சிறுவர்களை ஒத்த ஜோடிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவனுக்கு ஆலோசகர் வீட்டுக்கு வந்தார், படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உதவினார், பலரைக் கோடைமுகாமுக்கும் அனுப்பினார்கள். இன்னொருவனுக்கு எதுவும் செய்யவில்லை. முப்பது ஆண்டு கழித்து ஆய்வாளர் ஜோன் மக்கார்ட் தேடிப்பிடித்துக் கணக்கெடுத்தபோது, உதவி பெற்றவர்களே மோசமாக இருந்தார்கள்: மீண்டும் குற்றம், குடி, சீக்கிர மரணம். அதிலும் ஒருமுறைக்கு மேல் முகாமுக்குப் போனவர்களின் நிலைதான் மிக மோசம். முகாமில் பையன்கள் தங்களுக்குள் வீரப் பிரதாபம் அளந்து, கைதட்டு வாங்கிப் பழகியிருக்கலாம் என்பது அவர் தந்த விளக்கம். கூர்நோக்கு இல்லத்தில் செல்போன் பறித்தவனையும் கொலை வழக்கில் வந்தவனையும் ஒரே கூடத்தில் படுக்க வைக்கும்போது நடப்பதும் இதுதான். ஒப்பிட்டுப் பார்க்க அந்த இன்னொரு பாதி இல்லாமல் போயிருந்தால், இந்தத் திட்டத்தை வெற்றி என்று கொண்டாடியிருப்பார்கள்.

தண்டனை போதவில்லை என்பதற்கு வருகிறேன். தண்டனையின் கடுமையைவிடத் தப்ப முடியாது என்ற உறுதியும் தாமதமின்மையுமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764லேயே எழுதிவிட்டார். அதன்பின் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கம்தான். ஆனால் நம் ஊர்ப் பழிக்குப் பழிக் கொலைகள் அவரையும் கொஞ்சம் திணறடிக்கும். வெட்டிவிட்டு வேறு மாவட்ட நீதிமன்றத்தில் வரிசையாகப் போய்ச் சரணடைகிறவர்கள், மாட்டிக்கொள்வோமா என்று கணக்குப் போடுகிறவர்கள் இல்லை. அவர்கள் கணக்கில் சிறை ஒரு செலவு, அவ்வளவே. பயம் எதிராளியைப் பற்றியது, மானம் தன் கூட்டத்தைப் பற்றியது. ஆகவே தனி ஆளுக்குத் தண்டனைக் காலத்தைக் கூட்டினாலும் அந்தக் கூட்டத்தின் கணக்கு மாறாது.

கூட்டத்தையே குறிவைத்து 1996ல் பாஸ்டன் நகரம் ஒரு வழி பார்த்தது. எந்தக் குழுவுக்கும் எந்தக் குழுவுக்கும் பகை என்று முதலில் தெருவாரியாக வரைந்தார்கள். அந்த ஆட்களை நேரில் வரவழைத்தார்கள். போலீஸ், அரசு வழக்கறிஞர், பாதிரியார்கள், வேலைவாய்ப்புத் தருகிறவர்கள் ஒரே மேடையில் நின்று சொன்னது இது: அடுத்த கொலையை உங்களில் யார் செய்தாலும், குழு முழுவதின் எல்லா வழக்குகளையும் தோண்டுவோம், விட்டுவிட நினைப்பவனுக்கு உதவி இதோ. இளைஞர் கொலைகள் மாதச் சராசரியில் 63 சதவீதம் குறைந்தன. இங்கே குண்டர் சட்டத்தில் ஓராண்டு வரை உள்ளே வைக்கிறோம், வெளியே வருகிற அன்று வரவேற்க அதே கூட்டம் வாசலில் நிற்கிறது. பாஸ்டன் முறையில் பாதியை, அதாவது மிரட்டலை மட்டும், எடுத்துக்கொண்டு உதவியை விட்டுவிட்டால் அது வெறும் ரெய்டு.

இதோடு சரித்திரப் பதிவேட்டையும் சொல்ல வேண்டும். ஏ பிளஸ், ஏ, பி, சி என்று ரவுடிகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது காவல்துறை. கண்காணிக்க அது தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி ரோந்து ஒவ்வொரு முறையும் வீட்டுக் கதவைத் தட்டி ஆள் இருக்கிறானா என்று கேட்டால், வாடகை வீடு போகும், டிரைவர் வேலை போகும், மிஞ்சுவது பழைய கூட்டாளிகள்தான். முத்திரை குத்தியபின் மனிதன் அந்த முத்திரைக்கு ஏற்றபடி வாழத் தொடங்குவதை அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் 1951ல் விளக்கினார். அமைதியாக இருக்கும் ஆளின் ஏட்டை மூடுவதில் தாமதம் செய்தால், பதிவேடே ஆளைத் திரும்ப அனுப்பிவைக்கும்.

வறுமையைப் பற்றி ஒரு வரி. பரம ஏழைகள் கோடிக்கணக்கில் யாரையும் தொடாமல் வாழ்கிறார்கள். கோட்டு போட்டவர்கள் திருடுவதையும் சதர்லேண்ட் 1939லேயே அம்பலப்படுத்திவிட்டார். வறுமை மட்டும் காரணம் என்பது ஏழைகளுக்கு இழைக்கும் அவமதிப்பு.

நான் அதிகம் நம்புவது, ஆளை விட்டுவிட்டு இடத்தையும் நேரத்தையும் பார்க்கிற கொள்கையை. செய்யத் துணிந்தவன், தோதான இலக்கு, தடுக்க ஆளில்லாமை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடினால்தான் குற்றம் நடக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கோகனும் ஃபெல்சனும் 1979ல் எழுதினார்கள். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் போதும். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவைச் சிகிச்சை மருத்துவர், வெட்டுப்பட்டு வருகிறவர்களில் பலரைப் பற்றிக் காவல் நிலையத்தில் பதிவே இல்லை என்று கண்டார். அவசரப் பிரிவு வரவேற்பாளர் அடிபட்டவரிடம் எங்கே, எப்போது, எந்த ஆயுதத்தால் என்று மூன்று கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்வார். பெயர் நீக்கிய பட்டியல் மாதந்தோறும் காவல்துறைக்கும் நகராட்சிக்கும் போகும். எந்த மதுக்கடை வாசல், எந்தத் தெரு, எந்த மணி என்று பார்த்து ரோந்தை மாற்றினார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட வன்முறைக் காயங்கள் மாதம் லட்சத்துக்கு 7லிருந்து 5 ஆயின. ஒப்பிட்ட மற்ற நகரங்களில் அது 5லிருந்து 8 ஆக ஏறியது. எல்லாம் சரியாகப் போகவில்லை: மதுக்கூடக் கண்ணாடிக் குவளைகளுக்குப் பதில் கெட்டிப்படுத்திய குவளை வைத்துச் சோதித்தபோது, அவை தரமாகத் தயாரிக்கப்படாததால் ஊழியர்களின் கைக்காயம் கூடியது.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாகப் பதிவேடு தொடங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலும் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேடு எழுதுகிறார்கள்: தெரிந்த மூன்று நபர்கள், இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்தில், அரிவாளால் தாக்கியதாகச் சொல்கிறார் என்று பணி மருத்துவர் குறிக்கிறார். அந்தக் காப்பி வழக்குக் கட்டோடு போய்விடுகிறது, மொத்தமாகச் சேர்த்து யாரும் பார்ப்பதில்லை. சேர்ப்பதானால் மூன்று இடங்களில் தவறும். நடந்த நேரத்துக்குப் பதில் மருத்துவமனைக்கு வந்த நேரம் எழுதப்படும். இடம் 'மெயின் ரோடு' என்று நின்றுவிடும். டாஸ்மாக் பக்கமா, பஸ் ஸ்டாண்ட் பின்புறமா என்று கேட்டு எழுத வேண்டும். கேஸ் வேண்டாம் என்று 'வண்டியிலிருந்து விழுந்தேன்' என்பார்கள், அப்படி வந்தவரின் காயம் வெட்டுக்காயமா என்பதை மருத்துவர் தனியாகக் குறிக்க வேண்டும். டாஸ்மாக் கடைகள் இரவு பத்துக்கு மூடுகின்றன. பத்திலிருந்து பதினொன்றரைக்குள் எந்தெந்த இடத்துக் காயங்கள் வருகின்றன என்று ஒரு மாவட்டம் ஆறு மாதம் பார்த்தாலே ரோந்து வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். (நீலகிரியில் விலங்குகளின் கால்களைக் காப்பதற்காக 2022ல் தொடங்கிய காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம், கடை வாசலில் உடைக்கக் கிடைக்கும் பாட்டிலையும் குறைத்திருக்குமா என்பதையும் இதே பட்டியலில் பார்த்துவிடலாம்.)

பட்டியலில் பெயர், சாதி, முகவரி மூன்றும் இருக்கக் கூடாது. அவற்றைச் சேர்த்தால் அடிபட்டவர் அடுத்தமுறை மருத்துவமனைக்கே வரமாட்டார். நாம் மறுபடியும் ரேகைச் சட்டத்தின் வாசலில் போய் நிற்போம். மதுரை அரசு மருத்துவமனையின் புறக்காவல் நிலையத்திலேயே ஒரு கணினியும் ஒரு எழுத்தரும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். மாவட்ட ஆட்சியரும் மருத்துவமனை முதல்வரும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குற்றவியல் ஆசிரியர் (ஓய்வு),
மதுரை