பயிலரங்கு முடிந்ததும் மூடிவிடும் பதிவேடு: கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர்களே, துறவற சபைத் தலைவர்களே, பள்ளித் தாளாளர்களே,

கத்தோலிக்கப் பள்ளிகளில் 22 ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். நான் படித்ததும் அப்படியொரு பள்ளியில்தான். குறை சொல்லிவிட்டு விலகிப்போகும் எண்ணத்தில் இதை எழுதவில்லை. இங்கேயே ஓய்வுபெற வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த முதல் வாரத்தில் சிறார் பாதுகாப்புப் பயிலரங்கு நடக்கும். வெளியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் பேசுவார். முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம், கொள்கைப் புத்தகத்தை வாங்கிக்கொள்வோம். அடுத்த ஆண்டு புதுப் புத்தகம் வரும்போதுதான் பழையது எங்கே வைத்தோம் என்று தேடுவோம்.

பத்து ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இடைவேளையில் என்னிடம் வந்து, "டீச்சர், நான் இனிமே வயலின் கிளாசுக்குப் போகலை" என்றாள். கையில் திருத்த வேண்டிய நோட்டுகள் இருந்தன. "பாதியில விடக்கூடாதும்மா, ஆண்டு விழா வருதுல்ல" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். வளர்ந்து வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அழைத்தாள். அந்த வகுப்பில் தனக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லிவிட்டு, "உங்ககிட்டதான் முதல்ல சொல்ல வந்தேன் டீச்சர்" என்றாள். அவள் விருப்பப்படியே புகார் கொடுக்க உடன் போனேன். அவள் என் மேசையருகே வந்து நின்ற அந்த ஆண்டும் நான் பயிலரங்கில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

குழந்தைகள் இப்படித்தான் சொல்வார்கள். "போகலை", "வயித்து வலி", "அந்த சாரைப் பிடிக்கலை" என்று ஓரத்திலிருந்து தொடங்குவார்கள். கேட்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியம் வரும், அல்லது வராமலே போகும். ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை விசாரித்த அரச ஆணையத்திடம் தங்கள் கதையைச் சொன்னவர்கள், நடந்ததை வெளியே சொல்லச் சராசரியாக 23.9 ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை ஆண்டுகளில் அவர்களில் எத்தனை பேர் ஒரு ஆசிரியரின் மேசைவரை வந்து திரும்பிப் போனார்களோ என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

நான் கேட்பது இதுதான்: ஒரு குழந்தை பேசத் தொடங்கும் முதல் ஐந்து நிமிடங்களுக்கு எங்களைப் பழக்குங்கள். சட்டப் பிரிவுகளின் எண்களைப் பிறகு மனப்பாடம் செய்துகொள்கிறோம்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது? சத்தியம் செய்யக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு எந்தச் சொற்களால் மறுப்பது என்பது வாய்விட்டுப் பேசிப் பழகினால்தான் வரும். "ஏன் அப்பவே சொல்லல?" என்ற கேள்வி நம் நாக்கில் தயாராக இருக்கிறது, அதை அடக்கப் பழக வேண்டும். துருவித்துருவிக் கேட்கக்கூடாது. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, நம் சொற்களைக் கலக்காமல், தேதியும் நேரமும் போட்டு எழுதிவைக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரிடம் நாமே போய் நியாயம் கேட்கக்கூடாது. அன்றைக்கே உரியவரிடம் சொல்லிவிட வேண்டும். மூன்று பேர் முன்னால் மூன்று முறை அந்தக் குழந்தையைத் திரும்பச் சொல்லவைப்பதும் ஒரு கொடுமைதான்.

இதையெல்லாம் இரண்டு மணி நேர உரையில் கற்க முடியாது. மாதந்தோறும் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் அரை மணி நேரம் கொடுங்கள். ஒரு சூழலை முன்வைத்து, ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் ஆசிரியராகவும் பேசிப் பார்க்கட்டும். இரவு பத்து மணிக்கு மாணவியின் கைப்பேசிக்குத் தனியாகச் செய்தி அனுப்பும் சக ஆசிரியரைப் பற்றி என்ன செய்வது, வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது அறைகளை எப்படிப் பிரிப்பது, சிறப்பு வகுப்புக்கு எந்த அறையைக் கொடுப்பது என்று பேசுவோம். தவறாகப் பதில் சொல்லி, அங்கேயே திருத்திக்கொள்வோம். ஆண்டின் நடுவில் சேரும் தற்காலிக ஆசிரியர், ஓட்டுநர், காவலர், சமையல் பணியாளர், விடுதிக் காப்பாளர் எல்லாரும் அந்த அறையில் இருக்க வேண்டும். பிள்ளை அழுதுகொண்டே பேருந்தில் ஏறுவதை முதலில் பார்ப்பவர் ஓட்டுநர்தானே.

திருச்சபையின் சட்டமே இதில் நம் பக்கம் நிற்கிறது. 2019 பிப்ரவரியில் வத்திக்கானில் சிறார் பாதுகாப்புக்காக ஆயர்கள் கூடினார்கள். அதே ஆண்டு மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபையில் நடக்கும் பாலியல் குற்றங்களைத் தெரிவிப்பதற்கான 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' (நீங்கள் உலகின் ஒளி) என்ற விதித்தொகுப்பை வெளியிட்டார். 2023இல் அது நிரந்தரச் சட்டமானது. குருக்களும் துறவியரும் இத்தகைய குற்றம் பற்றி அறிந்தால் தாமதமின்றித் தெரிவித்தாக வேண்டும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக்கூடாது. பேசாதே என்று அவர்மீது கட்டாயம் வைக்கவும் கூடாது. அரசுச் சட்டப்படி காவல்துறைக்கோ வேறு அதிகாரிகளுக்கோ தெரிவிக்கும் கடமை அப்படியே நீடிக்கும் என்பதும் அதில் உண்டு.

ஆனால் அந்தத் திருச்சபைச் சட்டத்தின் கட்டாயம் குருக்களையும் துறவியரையும்தான் கட்டுகிறது. குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர் தெரிவிக்கலாம், அவ்வளவே. நம் பள்ளிகளில் அன்றாடம் பிள்ளைகளோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற பொதுநிலையினர். திருச்சபையில் நடந்த சிறார் பாலியல் கொடுமைகளை ஆராய்ந்து பிரான்சில் 2021இல் வெளியான சுதந்திர ஆணையத்தின் அறிக்கை, 1950 முதல் குருக்களாலும் துறவியராலும் பாதிக்கப்பட்ட சிறாரைச் சுமார் 2,16,000 என்று மதிப்பிட்டது. திருச்சபை அமைப்புகளில் பணியாற்றிய பொதுநிலையினரையும் சேர்த்தபோது அது சுமார் 3,30,000 ஆனது. ஆகவே இந்த இடைவெளியைப் பள்ளியின் சொந்த விதி அடைக்க வேண்டும்: எந்தப் பணியாளரும் தெரிவித்தே ஆக வேண்டும் என்று பணி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தலைமையாசிரியரைப் பற்றியோ தாளாளரைப் பற்றியோ புகார் என்றால் யாரிடம் போவது என்பதையும் பெயரோடு எழுதுங்கள். எனக்குத் தெரிந்த பல கொள்கைப் புத்தகங்களில் இந்த ஒரு வரி மட்டும் இல்லை.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லத் தயங்கினேன். அங்கி அணிந்தவர்மீது நமக்குள்ள மரியாதை, பிள்ளையின் வாயையும் நம் வாயையும் சேர்த்தே அடைக்கிறது. "ஃபாதரைப் பத்தியா அப்படிச் சொல்ற?" என்று ஒரு தாய் கேட்டுவிட்டால் அங்கே எல்லாம் முடிந்தது. நம் பயிற்சியில் இந்த மரியாதையைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும், பேசும்போது ஃபாதரும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தின், அதாவது பாவசங்கீர்த்தனத்தின், முத்திரை மீற முடியாதது: அங்கே கேட்டதைக் குரு வெளியே சொல்லக்கூடாது. அதை மதிக்கிறேன். ஆனால் பள்ளியில் பிள்ளைகள் பாவசங்கீர்த்தனம் செய்யும் இடம் மற்றவர் கண்ணில் படும்படி இருப்பதை எந்த முத்திரையும் தடுக்கவில்லை. அங்கே தன் துன்பத்தைச் சொல்லும் பிள்ளையிடம், "இதை வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் சொல், உன்மேல் தவறில்லை" என்று சொல்லவும் குருக்களுக்குப் பயிற்சி வேண்டும். பாவசங்கீர்த்தனம் உளவியல் ஆலோசனை என்ற பெயரில் மூடிய அறையில் நடக்கும் தனிச் சந்திப்பாக மாறிவிடவும் கூடாது.

மாற்றல் ஆணை பற்றியும் ஒரு வார்த்தை. சந்தேகத்துக்கு ஆளானவரை நன்னடத்தைச் சான்றிதழோடு இன்னொரு பள்ளிக்கோ பங்குக் கோயிலுக்கோ அனுப்பிய வரலாற்றை ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் விசாரணைகள் பதிவு செய்திருக்கின்றன. நம் பிள்ளைகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, ஆபத்தை அடுத்த பள்ளியின் பிள்ளைகளிடம் அனுப்பியிருக்கிறோம். ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது அவரது முந்தைய தலைமையாசிரியரிடம் நேரில் பேசி, "இவரை மறுபடியும் பிள்ளைகளோடு விடுவீர்களா?" என்று கேளுங்கள். பதிலை எழுதிவையுங்கள்.

அடுத்த கல்வியாண்டுக்கான நாட்காட்டியை நீங்கள் அச்சுக்கு அனுப்பும் முன் இந்த மடல் உங்களை எட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். மாதத்துக்கு அரை மணி நேரத்தை அதில் குறியுங்கள். முதல் கூட்டத்தில் தொடக்க ஜெபம் சொல்லிவிட்டு எழுந்து போய்விடாமல் எங்களோடு கடைசிவரை உட்காருங்கள். பேசிப் பழகும் நேரம் வரும்போது நான் ஆசிரியராக இருக்கிறேன். நீங்கள் அந்த ஏழாம் வகுப்பு மாணவியாக இருந்து, "நான் இனிமே வயலின் கிளாசுக்குப் போகலை" என்று சொல்லுங்கள். இந்த முறை நோட்டுகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியை