கடனுக்கு நடுவுல ஒரு பி

கண்ணம்மா,

நல்லா இருக்கியா. நேத்து அலமாரிய ஒழிக்கறப்ப உன் ஆறாம் கிளாஸ் டிக்டேஷன் நோட்டு கெடைச்சுது, அதுல கடனுக்கு இங்கிலீஷ்ல சொல்ற டெட்-ங்கற வார்த்தைய நடுவுல பி இல்லாம எழுதியிருக்க, செவப்பு மையில சுழிச்சிருக்கு. வாயில வராத எழுத்த எதுக்குப்பா எழுதணும்னு அன்னிக்குக் கேட்ட, பேசாம மனப்பாடம் பண்ணுன்னு அதட்டிட்டேன். எனக்குப் பதில் தெரியல, அதான் விஷயம்.

இப்ப ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கேன், தேடிப் படிச்சேன். நீ எழுதுனதுதான்மா ஒரு காலத்துல சரி! 1066-ல பிரெஞ்சு பேசற நார்மன்காரங்க இங்கிலாந்தப் புடிச்ச பின்னாடி பிரெஞ்சு வார்த்தைங்க கூட்டங்கூட்டமா உள்ள வந்துச்சு, பிரெஞ்சே லத்தீன் வயித்துல பொறந்ததுதான், ஆனா லத்தீன்ல டெபிட்டும்னு இருந்தது பிரெஞ்சு வாயில தேஞ்சு பி உதுந்து போச்சு, இங்கிலீஷ்காரனும் பி இல்லாமதான் வாங்கி பி இல்லாமதான் எழுதிட்டிருந்தான். அப்புறம் லத்தீன் படிச்ச மேதாவிங்க, மூலத்துல பி இருக்கேன்னு எழுத்துல மட்டும் திரும்பச் சொருகிட்டாங்க. ஜனங்க வாயில சொருக முடியல. டவுட்லயும் இதே கூத்துதான், அதோட லத்தீன் டுபிடாரே.

இதாவது பரவால்ல, தீவுக்கு ஐலண்ட்ங்கறோம்ல, அது இங்கிலீஷோட சொந்தப் பழைய வார்த்தை, லத்தீனுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. இன்சுலாங்கற லத்தீன்லேர்ந்து பிரெஞ்சு வழியா வந்த ஐல்னு இன்னொரு வார்த்தையப் பாத்து இதுக்கும் ஒரு எஸ் மாட்டிட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரர் இனிஷியல எடுத்துப் போட்டுக்கிட்ட மாதிரி.

அதே பக்கத்துல மசில் கரெக்டா எழுதியிருக்க. அது நெஜமாவே லத்தீன், முஸ்குலுஸ், குட்டி எலின்னு அர்த்தம். கைய மடக்குனா தோலுக்கடியில எலி ஓடற மாதிரி தெரியுமில்ல, அதான்னு சொல்றாங்க. நானும் கண்ணாடி முன்னாடி மடக்கிப் பாத்தேன், எலி தூங்குது.

இன்னொண்ணு, ரோம் சிப்பாய்ங்களுக்கு உப்பையே சம்பளமா அளந்தாங்க, அதான் சாலரின்னு உனக்குக் கதை சொன்னேன்ல, அத வாபஸ் வாங்கிக்கறேன். சலாரியும்ங்கற வார்த்தை உப்புங்கற சால்-லேர்ந்து வந்தது வாஸ்தவம், ஆனா உப்பாவே கூலி குடுத்ததுக்கு பழைய ஆதாரம் எதுவும் இல்லியாம்.

நோட்ட தூக்கிப் போடல. அந்தச் செவப்புச் சுழிக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு டிக் போட்டு வச்சிருக்கேன்.

அப்பா